டம்ளர் கழுவும் சட்டம்

தென்காசியில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்குப் பேப்பர் எழுத்தைத் தெரிய வைத்தவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. மூக்குக்கு மேல் கோபமும் உண்டு. இரண்டையும் மாதம் முழுக்கக் கடையில் அடக்கி வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போய் இறக்கி வைப்பேன்.

அங்கே ஒரு லாட்ஜின் சாப்பாட்டு அறையில் எங்கள் கூட்டம் நடக்கும். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் பத்துப் பதினைந்து பேர். சாரல் காலத்தில் அந்த அறையில் நிற்கக்கூட இடம் இருக்காது. எண்ணெய்த் தலைகளும் ஈரத்துண்டுகளுமாக இருக்கும். அருவி மெலிந்து குரங்குகள் மட்டும் மிஞ்சுகிற மாதங்களில்தான் லாட்ஜ்காரர் எங்களுக்குச் சும்மா திறந்துவிடுவார். ஆகவே எங்கள் அறிவியலுக்கும் சீசன் உண்டு. யாரும் வரலாம், யாரும் பேசலாம். வானவில் ஏன் வளைந்திருக்கிறது, செங்கோட்டைக்கு மேலே மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது ஏன் அடைக்கிறது என்று மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம்.

ஒரே ஒரு சட்டம்தான். செய்து பார்க்காததைச் சொல்லக்கூடாது. சொல்லி மாட்டிக்கொண்டால், கூட்டம் முடிந்ததும் எல்லோருடைய டீ டம்ளரையும் அவரே கழுவவேண்டும். கிரகணத்தன்று மட்டும்தான் உலக்கை தானாக நிற்கும் என்றார் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர். லாட்ஜ் உலக்கையைக் கொண்டுவந்து, கிரகணமும் இல்லாத கிருத்திகையும் இல்லாத சாதாரண ஞாயிறன்று நிறுத்திக் காட்டினோம். ஆயுளில் முதல்முறையாகத் தாசில்தார் பாத்திரம் தேய்த்தார்.

லாட்ஜில் சமையல் பார்க்கும் அக்காதான் எங்களுக்கு டீ போடுவார். ஆண்கள் டம்ளர் கழுவுவதைப் பார்ப்பதற்கென்றே டீயைச் சீக்கிரம் கொண்டுவருகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கதவோரம் சாய்ந்துகொண்டு, "இன்னைக்கு யாருக்கு யோகம், அண்ணாச்சி?" என்று கேட்பார்.

ஒரு கூட்டத்தில் டீ வந்தது, அந்தக் கேள்வி வரவில்லை. அடுக்களைக்குப் போய் என்னவென்று விசாரித்தேன்.

"மாட்டுக்குப் பால் வத்திட்டு. மவன் வண்டியில இருந்து விழுந்து கைய ஒடிச்சிக்கிட்டான். குறி சொல்லுதவரக் கூட்டிட்டு வந்தோம். முத்தத்துல வச்சு எலுமிச்சம்பழத்த வெட்டுனாரு. ரத்தம், அண்ணாச்சி! சொட்டுச் சொட்டா ரத்தம். வீட்டுக்குப் புதுசா வந்த காலுதான் காரணம்னு சொல்லிட்டாரு."

புதிதாக வந்த கால் என்றால் அக்காவின் மருமகள். சுரண்டையிலிருந்து கல்யாணமாகி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"அவளக் கொண்டுபோய் அவ அம்மா வீட்டுல விட்டுரலாம்னு இருக்கோம்."

"எத்தன நாளைக்கு?"

அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பழத்துல ரத்தம் வந்தா பழக்கடைக்காரனத்தான பிடிக்கணும்? வீட்டுக்கு வந்த பிள்ளைய ஏன் பிடிக்கீங்க? ஒரு வாரம் பொறுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நானே வெட்டி ரத்தம் வர வைக்கேன். மருமவளையும் கூட்டிட்டு வாங்க. பாத்துட்டு அனுப்புறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க."

"வரலன்னா?"

"வரும்!"

அவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருந்தது. எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பிலேயே அந்தத் தந்திரத்தை யாரோ போட்டிருந்தார்கள்: கத்தியில் மஞ்சள் பூசி எலுமிச்சம்பழத்தை வெட்டினால் சிவக்கும் என்று. ஊரார் அனுப்பும் செய்தியையெல்லாம் துருவித் துருவிச் சோதிக்கிற நாங்கள், எங்களுக்குள் சுற்றுவதை அப்படியே நம்பிவிடுவோம். எங்களில் கெமிஸ்ட்ரி படித்தவர் ஒரே ஒருவர். கல்லூரியில் சொல்லிக்கொடுப்பவர். அவரும் அந்த ஞாயிறு திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

மாதக் கூட்டத்துக்கான ஞாயிறு இல்லாவிட்டாலும், வாட்ஸ்அப்பில் சொல்லி அழைத்திருந்ததால் அன்று நல்ல கூட்டம். அக்கா கதவோரம் நின்றார். மருமகள் ஜன்னல் பக்கம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூடநம்பிக்கை பற்றிக் கால் மணி நேரம் முழங்கினேன். பிறகு மஞ்சள் பூசிய கத்தியால் பழத்தை வெட்டினேன்.

மஞ்சளாகச் சாறு வந்தது.

இன்னொன்று. அதுவும் மஞ்சள். பொடியை அள்ளி அப்பி மூன்றாவதை வெட்டினேன். பளபளவென்று, மங்களகரமான மஞ்சள். கழுத்தில் வேர்த்து வழிந்தது. வளைகுடாவில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த என் நண்பர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். "பழம் நாட்டுப்பழமா பாத்து வாங்கினீங்களா?" என்று கேட்டு உதவி செய்யப் பார்த்தார்.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதில் கேலி இல்லை. ஒரு முடிவு வந்து உட்கார்ந்திருந்தது.

"நீங்க வெட்டுனா வரல. அப்ப அது ரத்தந்தான் அண்ணாச்சி. நாளைக்கு நாங்க சொரண்டைக்குப் போறோம்."

நல்லது செய்யப்போய் ஒரு பெண்ணை நானே பஸ் ஏற்றி அனுப்புகிறேன். வாய்க்கொழுப்பு சீலையால் வடிந்தது என்பார்களே, எனக்கு அது வேட்டியில் வடிந்துகொண்டிருந்தது.

அப்போது ஜன்னல் பக்கமிருந்து ஒரு சிரிப்பு. மருமகள்தான். அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"எலுமிச்சம்பழச் சாதத்துக்கு மஞ்சப்பொடி போட்டுத்தான தாளிக்கோம், அண்ணாச்சி. என்னைக்காவது செவந்திருக்கா?"

அறையே அதிர்ந்தது. தாசில்தார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வாழ்நாள் முழுக்க எலுமிச்சம்பழச் சாதம் தின்றவன் நான். என் வீட்டிலும் அது மஞ்சளாகத்தான் இருக்கும். மஞ்சள் சிவப்பது சுண்ணாம்பைக் கண்டால்தான். ஆரத்தி கரைக்கிற எந்த வீட்டிலும் அது தெரியும். முதலில் அவள்மேல் கோபம் வந்தது. பிறகு, கேட்கவேண்டிய ஆளை விட்டுவிட்டு ஊருக்கெல்லாம் பேசிக்கொண்டிருந்தோமே என்று உறைத்தது.

"அந்தக் குறி சொல்லுத ஆளு வெட்டும்போது நீ எங்கன நின்ன?" என்று அவளிடம் கேட்டேன்.

"பக்கத்துலதான். சொம்பும் தாம்பாளமும் நாந்தான பிடிச்சிருந்தேன். வெட்டுறதுக்கு முன்ன கத்திக்குப் பூசை போட்டாரு. செம்பருத்திப் பூவ வச்சுக் கத்தி முழுக்கத் தேச்சாரு. பூசைக்கு எதுக்குப் பூவ இப்பிடிப் போட்டுக் கசக்குதாருன்னு அப்பவே நெனச்சேன். கேக்க முடியுமா?"

லாட்ஜின் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்திச் செடி நிற்கிறது. அவளே போய் நாலு பூப் பறித்து வந்தாள். கத்தியைக் கழுவித் துடைத்து, இதழ்களை அழுத்தித் தேய்த்தாள். கத்தி கருநீலமாகிக் காய்ந்தது. பழத்தை வைத்து வெட்டினாள்.

சிவப்பாகச் சாறு வழிந்து மேசையில் சொட்டியது. விசில் அடித்தவர் வளைகுடா நண்பர் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏட்டி, எங்கிட்டக் குடு."

கத்தியை வாங்கிக் கழுவினார். பூத் தேய்க்காமல் ஒரு பழம் வெட்டினார். வெறும் சாறு. பூத் தேய்த்து ஒன்று வெட்டினார். சிவப்பு. மறுபடியும் கழுவி ஒன்று, தேய்த்து ஒன்று. இப்படி மாற்றி மாற்றிச் சோதிக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் கூட்டங்களில் அவ்வளவு ஒழுங்காக ஒரு சோதனையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசித் துண்டை மேசையில் வைத்துவிட்டு, மருமகளின் முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குள் போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. சட்டப்படி, இருபத்தாறு டம்ளர்களோடு நான் கொல்லைக் குழாயடிக்குப் போய்க் குந்தினேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் அக்கா ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே, நாளைக்குச் சுரண்டை பஸ் ஏறுவார்களா மாட்டார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தைரியமாகக் கேட்கலாம் என்றால் அன்றைக்கு எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

நாலு டம்ளர் கழுவியிருப்பேன். பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தள்ளுங்க, அண்ணாச்சி."

"ஐயோ, வேண்டாங்க்கா. சொன்னவன்தான கழுவணும். அது சட்டம்."

"அதத்தான் சொல்லுதேன்." என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். "நானும் செஞ்சு பாக்காமச் சொன்னவதான்."

மருமகள் கொல்லை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்துவந்து, நாங்கள் கழுவி வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்க ஆரம்பித்தாள்.