ஒன்பதாம் அறையில் தூங்கும் பிஸ்கட்

மாவக்கா என்று ஹோட்டலில் எல்லோரும் கூப்பிடுகிற அந்தப் பெண்மணிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லாததால் இங்கேயும் வேண்டாம். வயது நாற்பத்தாறு. காலை ஐந்தரைக்கு அடுப்பறைக்குள் நுழைந்தால், மதியம் வெளியே வரும்போது இமை மயிரில்கூட மைதா ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவத்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். ரொட்டி மாஸ்டர் ஒருநாள் வாய்ச்சண்டை முற்றி ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டுப் போனபோது, பொங்கி நிற்கிற மாவு வீணாகப் போகிறதே என்று கையைத் துடைத்துக்கொண்டு உருட்ட ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருஷமாக உருட்டிக்கொண்டிருக்கிறாள்.

ரொட்டியை யாரும் பாராட்டுவதில்லை. கெட்டுப்போனால்தான் பேசுவார்கள். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் கிடையாது. அவளுடைய மனக்குறை எல்லாம் இஞ்சி பிஸ்கட்டைப் பற்றியது.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சாப்பாட்டு ஹாலின் நடுமேசையில் அலங்காரமாக வைக்க, இஞ்சி பிஸ்கட்டிலேயே ஏதாவது கட்டி எழுப்புவாள். முதல் வருஷம் கப்பல். அப்புறம் ரயில், மணிக்கூண்டு, பாலம், ஒரு தடவை ஆறு மான் பூட்டிய வண்டி. சுக்குப் பொடி, பட்டை, கிராம்பு, கரும்புப் பாகு, வெண்ணெய் என்று அவளே அளவு போட்டு, மூன்று வருஷம் மண்டையைக் குடைந்து பிடித்த பக்குவம் அது. ஆனால் அதை மேசையில் வைத்த மறுநிமிஷம் மேனேஜர் ஓடிவந்து, ‘தொடாதீர்கள்’ என்று ஓர் அட்டையை அதன் முன்னால் நிறுத்திவிடுவார்.

அவருக்கு அது ஒரு வியாதி. பூந்தொட்டி, ஜன்னல் திரை, வரவேற்பறைக் கடிகாரம் என்று எதைக் கண்டாலும் அட்டை வைப்பார். ‘தொடாதே சார்’ என்றுதான் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர். விருந்தாளிகள் வருவார்கள், “எவ்வளவு அழகு” என்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். ஜனவரி முதல் வாரத்தில் அலங்காரம் குப்பைத் தொட்டிக்குப் போகும். இத்தனை வருஷத்தில் அதைத் தின்று பார்த்தவை எறும்புகள் மட்டும்தான். எறும்புகள் கருத்துச் சொல்வதில்லை.

வீட்டில் செய்து கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தாள். கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற அவள் புருஷன் தங்கமான மனுஷன். எதைப் போட்டாலும் “நல்லா இருக்கு” என்பார். ஒருநாள் சந்தேகப்பட்டு, கரிந்துபோன பிஸ்கட்டை வேண்டுமென்றே தட்டில் வைத்துப் பார்த்தாள். “நல்லா இருக்கு” என்றார். இருமல் மருந்துக்கும் அதையேதான் சொல்வார். சரி, நாத்தனாரிடம் கொடுப்போம் என்றால், அவள் எதைக் கொடுத்தாலும் உதட்டைப் பிதுக்குவாள். அண்ணி செய்ததில் குறை சொல்லாவிட்டால் அவள் என்ன நாத்தனார். ஒருவர் எப்போதும் நல்லது என்கிறார், ஒருத்தி எப்போதும் மோசம் என்கிறாள். இரண்டையும் வைத்துக்கொண்டு அளவு திருத்த முடியுமா?

அந்த நாத்தனாரும் அதே ஹோட்டலில்தான் இருந்தாள். அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கிற வேலை.

இந்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் மேனேஜர் அடுப்பறைக்கு வந்தார். வழுக்கைத் தலை, முறுக்கின மீசை, சிவப்பு டை, டை நேராகத் தொங்க முடியாதபடி ஒரு தொப்பை.

“இந்த வருஷம் நம்ம ஹோட்டலையே செஞ்சிடுங்கம்மா. மூணு மாடி, பதினெட்டு ரூம், மொட்டைமாடி, தண்ணித் தொட்டி எல்லாம் அச்சு அசலா இருக்கணும். இங்க என்னென்ன இருக்கோ, ஒண்ணு விடக்கூடாது. உள்ள லைட் போட்டா ஜன்னலெல்லாம் ஜொலிக்கணும்.”

“செஞ்சிடலாம் சார்.”

“முதலாளியம்மா இருபத்து நாலாம் தேதி மத்தியானம் பாக்க வர்றாங்க. அவங்க பாத்ததும் பெயின்டரை விட்டு வார்னிஷ் அடிச்சிடப் போறேன். ஒரு தடவை அடிச்சா பத்து வருஷம் அப்படியே நிக்கும். உங்களுக்கும் வருஷா வருஷம் இந்தக் கஷ்டம் வேண்டாம் பாருங்க.”

நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் சிரித்துக்கொண்டே சொன்னார். மாவக்காவுக்கு வயிறு எரிந்தது. வார்னிஷ் அடித்த பிஸ்கட்டை எறும்புகூடத் தொடாது. அதற்கு அப்புறம் பத்து வருஷத்துக்கு இஞ்சி பிஸ்கட் சுட ஆள் தேவையில்லை. ஒரே ஒரு வாய், ஒரே ஒரு ஆள் ஒழுங்காகத் தின்று பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லாமலே இந்தக் கதை முடியப் போகிறது என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

மதியம் துணி மடிக்கும் அறையில் நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள். “என்ன அண்ணி, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க? எங்கண்ணன் ஏதாவது சொல்லிட்டாரா?”

“உங்கண்ணன் என்னைக்கு என்ன சொல்லியிருக்காரு?” என்று ஆரம்பித்து, மாவக்கா எல்லாவற்றையும் கொட்டினாள்.

நாத்தனார் துண்டை மடித்தபடியே கேட்டாள். “இங்க இருக்கிறது ஒண்ணு விடாமலா செய்யச் சொன்னாரு?”

“ஒண்ணு விடாம.”

“அப்போ ஒன்பதாம் நம்பர் ரூம்ல இருக்கிறதையும் செய்யணுமே.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தினமும் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை மேனேஜர் தூங்குவார். ஷூவைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு, காலியான அறை எதுவோ அதில் போய் விழுவார். அநேகமாக ஒன்பதாம் நம்பர். அது நிரம்பியிருந்தால் துணி அறையில் துண்டுக் குவியல் மேல், இல்லையென்றால் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில், அவசரத்துக்கு வரவேற்பறை சோபாவின் பின்னால். முதலாளியம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

“மாட்டிக்கிட்டா வேலை போயிடும் அண்ணி,” என்றாள் நாத்தனார், கண்ணில் குறும்பு வழிய.

“போகட்டும். வார்னிஷுக்கு பிஸ்கட் சுடுற வேலை எனக்கு எதுக்கு? ஆனா அவரு இதைக் குப்பையில கொட்டிட்டா என்ன பண்றது?”

“குப்பைத் தொட்டியெல்லாம் கேட்டுக்கு வெளிய கழுவிக் காய வச்சிருப்பேன். அதை என்கிட்ட விடுங்க.”

நான்கு நாள் வேலை நடந்தது. காகிதத்தில் சுவர்களை வெட்டி, அந்த அளவுக்கு மாவை அறுத்துச் சுட்டாள். ஓரங்களைத் துருவியால் தேய்த்துச் சமன் செய்தாள். ஜன்னல் ஓட்டைகளில் காய்ச்சிய சர்க்கரையை ஊற்றிக் கண்ணாடியாக உறைய வைத்தாள். முட்டை வெள்ளையும் சர்க்கரைத் தூளும் அடித்த ஐசிங்கால் மூலைகளை ஒட்டினாள். நடுமேசையிலேயே வைத்துக் கட்டியதால் அதை இனி எந்தக் கதவு வழியாகவும் கொண்டுபோக முடியாது. அதுவும் யோசித்துச் செய்ததுதான். மேனேஜர் தினமும் வந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். சர்க்கரை ஜன்னல்கள் தேன் நிறத்தில் இருந்ததால், விளக்கு எரியாத வரை உள்ளே இருப்பது தெரியாது. “விளக்குக்கு பேட்டரி எங்கம்மா?” என்று கேட்டபோதெல்லாம், “வாங்கிட்டு வர்றேன்னாரு சார்” என்று புருஷன் தலையில் பழியைப் போட்டாள்.

இருபத்து நாலாம் தேதி பதினொன்றே முக்காலுக்கு பேட்டரி வந்து சேர்ந்தது. பெயின்டர் வார்னிஷ் டப்பாவோடு ஹால் மூலையில் உட்கார்ந்திருந்தார். மேனேஜரே தன் கையால் சுவிட்சைப் போட்டார். பதினெட்டு அறைகளும் பளிச்சென்று எரிந்தன. குனிந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஒன்பதாம் அறையில் நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

உள்ளே ஒரு பிஸ்கட் கட்டில். அதில் வழுக்கைத் தலையும் ஐசிங் மீசையும் சிவப்பு டையுமாக, தொப்பையின் மேல் கை கோத்து ஒரு பிஸ்கட் மனிதர் வாயைப் பிளந்து தூங்கினார். வாசலில் விரல் நகம் அளவில் ஒரு ஜோடி ஷூ.

“என்னம்மா இது?”

“ஒண்ணு விடக்கூடாதுன்னு சொன்னீங்களே சார்,” என்றாள் மாவக்கா பச்சைப் பிள்ளை முகத்தோடு.

“எடுங்க அதை. இப்பவே எடுங்க.”

“கூரையைப் பிரிக்கணும் சார்.”

அவரே கூரையைப் பிரித்தார். பிரித்ததில் துணி அறை தெரிந்தது. அங்கே துண்டுக் குவியல் மேல் அதே ஆள் குப்புறப் படுத்திருந்தார். பதறிப்போய் இந்தப் பக்கம் வந்தால், அன்று காலைதான் ஒட்டிய தண்ணீர்த் தொட்டியின் நிழலில் மூன்றாவது ஆள். வரவேற்பறை சோபாவுக்குப் பின்னால் நான்காவது. இன்னும் எந்தெந்த மூலையில் எத்தனை பேர் தூங்குகிறார்களோ என்று மேனேஜர் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நாத்தனார் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். “சார், முதலாளியம்மா கார் சிக்னல்ல நிக்குதாம். அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாங்களாம்.”

“குப்பைத் தொட்டியை உள்ள கொண்டா.”

“எல்லாம் கேட்டுக்கு வெளிய காயுது சார். எடுக்கப் போனா எதிர்லயே வருவாங்க.”

மேனேஜர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். இவ்வளவு பெரிய ஹோட்டலை ஒளிக்க இடம் இல்லை. மாவக்காவைப் பார்த்தார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருந்தாள். அவர் ‘தொடாதீர்கள்’ அட்டையை எடுத்து மடித்துக் கோட்டுப் பைக்குள் செருகினார்.

“எல்லாரையும் கூப்பிடு,” என்றார். “எல்லாரும் வந்து சாப்பிடுங்க. சீக்கிரம்.”

சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள், வரவேற்பறைப் பெண், தோட்டக்காரர் என்று ஹோட்டலே திரண்டு வந்து ஹோட்டலைத் தின்றது. பெயின்டரும் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு மேற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நாத்தனார் படிக்கட்டைக் கடித்தாள், உதட்டைப் பிதுக்க மறந்துபோனாள். மேனேஜர் யாரையும் நம்பவில்லை. தூங்குகிற நாலு பேரையும் அவரே எடுத்து, கட்டில், துண்டுக் குவியல், ஷூ உட்பட, ஒருவர் பின் ஒருவராக மென்று விழுங்கினார்.

முதலாளியம்மா உள்ளே வந்தபோது மேசையில் பேட்டரி விளக்கும் ஐசிங் தீற்றலும் ஒரு கேட் கம்பமும்தான் மிச்சம். பதினாலு பேர் மெல்லுவதை அப்படியே நிறுத்தினார்கள்.

“எங்கேப்பா அலங்காரம்?”

மேனேஜர் சிரமப்பட்டு விழுங்கினார். “இந்த வருஷம் சாப்பிட்டுட்டோம் மேடம்.”

“பிஸ்கட்டை பின்ன என்ன பண்ணுவாங்க? போன வருஷமே ஒரு துண்டு கேக்கலாம்னு பாத்தேன், அட்டை வச்சிருந்தீங்க.” அந்தக் கேட் கம்பத்தை எடுத்துக் கடித்துப் பார்த்தார். “நல்லா இருக்கே” என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார். மற்றவர்களும் “சூப்பர் அக்கா, சூப்பர் அக்கா” என்று சொல்லிக்கொண்டே வாயைத் துடைத்தபடி கலைந்தார்கள்.

தின்ன வைத்தாயிற்று. ஆனால் மாவக்காவுக்கு மனசு நிறையவில்லை. ‘நல்லா இருக்கு’ அவள் வீட்டிலேயே வண்டி வண்டியாகக் கிடைக்கும். இதற்காகவா வேலையைப் பணயம் வைத்தோம் என்று அடுப்பறைக்குப் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வாசலில் வந்து நின்றார்.

“வேலையை விட்டு நின்னுக்கவா சார்?” என்று அவளே கேட்டாள்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டிருந்தார். “இஞ்சி கொஞ்சம் தூக்கல்,” என்றார். “முதல் ஆளைத் தின்னும்போது தெரியல. ரெண்டாவது ஆள்ல தெரிஞ்சுது. ஓரத்துல லேசா கசக்குது. பாகை முன்னாடியே இறக்கியிருக்கணும்.”

மாவக்கா மெல்ல எழுந்து நின்றாள். “கசப்பு ஷூவுல மட்டும்தான் சார் இருக்கும். சின்னது, சீக்கிரம் தீஞ்சிடும்.”

அவர் யோசித்துப் பார்த்தார். “ஆமா, ஷூவுலதான். அப்புறம் இன்னொண்ணு. முழுங்கிட்டு, எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கும்போது, தொண்டையில லேசா ஒரு சூடு வந்து நிக்குதே, அது என்னது?”

வறுத்த கிராம்பை நைசாக அரைக்காமல் ஒன்றிரண்டாக இடித்து, கடைசியில் சேர்ப்பது அந்த ஒரு சூட்டுக்காகத்தான். நாக்குக்கு எட்டாமல் தொண்டைக்குப் போய்த்தான் அது எழுந்திருக்க வேண்டும். அதற்குத்தான் அவளுக்கு மூன்று வருஷம் பிடித்தது.

“கிராம்பு சார்,” என்றாள்.

“அடுத்த வருஷம் அதைக் குறைச்சிடாதீங்க. ஆளுங்களைச் செய்ய வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு, மணி பார்த்துக்கொண்டே அவர் மாடிக்குப் போனார்.

நாத்தனார் ஓடிவந்து பார்த்தபோது, மாவக்கா மாவு மூட்டை மேல் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

“ஐயோ அண்ணி, வேலை போயிடுச்சா?”

மாவக்கா இல்லை என்று தலையாட்டினாள். “இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருந்துச்சாம்,” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மறுபடியும் அழுதாள்.