அத்தான் விலகிய வழி

என் அக்காவின் கணவர் பஸ் டிரைவர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். வீட்டுக்குள்ளேயே ஒரே வழியாகத்தான் நடப்பார். நடுவில் நாற்காலி கிடந்தால் நகர்த்தி வைப்பாரே தவிர, சுற்றிப் போக மாட்டார். அவர் ரூட்டை விட்டு விலகினார் என்று டிப்போவில் விசாரணை வைத்தபோது, சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். பெரிய சாலையில் தண்ணீர்க் குழாய் உடைந்ததால், போலீஸ்காரர் பஸ்களைப் பக்கத்துத் தெருவுக்குத் திருப்பிவிட்டார். அங்கே முதல் முனையில் வலது பக்கம் திரும்பினால் பழைய வழி வந்துவிடும். அத்தான் திரும்பாமல் நேராகப் போய்விட்டார். வழி மாறும்போது முன்னால் போகிற பஸ்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர்வது டிரைவர்களின் வழக்கம். பின்னால் வந்த நாலு பஸ்ஸும் அவரை வால் பிடித்துக்கொண்டே போயின. நிறுத்தங்களில் காத்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? புகார் மேல் புகார்.

டிப்போ கிளார்க் வீட்டுக்கே வந்து விளக்கினார்.

"யாராவது திருப்பிவிட்டா அது டைவர்ட். நீங்களா விலகினா டீவியேட். முதல் வார்த்தைன்னா ஒண்ணும் ஆகாது. ரெண்டாவதுன்னா ஸ்டியரிங்கை மறந்துட வேண்டியதுதான். ஷெட்ல பஸ் கழுவ விட்டுடுவாங்க."

அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள். "போலீஸ்காரர்தான் நேரா போகச் சொன்னார்னு சொல்லிட்டு வாங்களேன். வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

அத்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பிழைக்கத் தெரியாத மனிதர் என்று நானும் திட்டினேன்.

மேனேஜர் அறையில் நடந்ததைக் கிளார்க்தான் பிறகு போனில் சொன்னார்.

"முதல்ல போலீஸ் திருப்பிவிட்டார் சார். அடுத்தது நானாத்தான் போனேன்" என்றாராம் அத்தான். "அந்த முனையில கரண்ட் கம்பி தாழத் தொங்கிச்சு. திரும்பியிருந்தா பஸ் கூரையில பட்டிருக்கும். டிப்போவுக்குச் சொல்லியிருக்கணும். பதட்டத்துல மறந்துட்டேன்."

மேனேஜர் மின்வாரியத்துக்குப் போன் போட்டார். கம்பி தொங்கியது உண்மைதான். பஸ்கள் போன கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி அதை இழுத்து அறுத்திருக்கிறது. லாரிக்காரர் தப்பியது தெய்வச் செயல்.

போனை வைத்த மேனேஜர் சொன்னாராம்: "உங்க பேர்ல டீவியேட்னுதான் எழுதணும். தகவல் சொல்லாததுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆனா பின்னாடி வந்த நாலு பஸ்ஸுக்கும் டைவர்ட்னு எழுதப்போறேன். திருப்பிவிட்டது நீங்க. நாளைக்கு வழக்கம்போல வண்டியை எடுங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தான் வீட்டுக்குள் நுழைந்ததுமே அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பாவி மனுஷா, அந்தக் கம்பியைப் பத்தி எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா அப்புறம் என்னை வண்டி ஓட்ட விடுவியா நீ?" என்றார் அத்தான்.