எடத்து என்றால் எந்தப் பக்கம்?

கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் நாளே ஓர் ஆட்டோக்காரர் முனையில் வண்டியை மெதுவாக்கி, "எடத்தோட்டல்லே?" என்றார். போக வேண்டிய இடத்துக்கு ஓட்டட்டுமா என்று கேட்கிறார், என்ன பணிவு என்று மெச்சி, "ஆமா, ஓட்டுங்க" என்றேன். இடப்பக்கம் திருப்பிப் பள்ளுருத்தியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். எடத்தோட்டு என்றால் மலையாளத்தில் இடப்பக்கமாம். ஊர்க்காரர்களே, இங்கே பிழைக்க வருகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஏழு வருஷமாக மிளகுக் கிடங்கில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பின்சந்தில் நடக்கும்போது ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து கேட்ட சத்தம் என்னைப் பிடித்து நிறுத்தியது. இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறக்கும் அதே சத்தம். கல்லூரிக் காலத்தில் கோவில்பட்டி பிரவுசிங் சென்டரில் நானும் செல்வமும் பழியாய்க் கிடந்து ஆடிய துப்பாக்கி விளையாட்டு! அதை ரீமாஸ்டர் செய்து இப்போது மறுபடி விட்டிருக்கிறார்கள். உள்ளே என் வயதுக்காரர் ஒருவர் ஆட்டத்தில் வழி தெரியாமல் முட்டிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியவில்லை. "சேட்டா, அந்தச் சொவத்தைச் சுடுங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "சுவரு சுடானோ? அதெந்தா, அப்பமாணோ?"

அவர்கள் பாஷையில் அப்பத்தைத்தான் சுடுவார்களாம். கையால் துப்பாக்கி பிடித்துக் காட்டினேன். சுட்டார். சுவர் விலகி ரகசிய அறை திறந்தது. கூடவே அவர் வீட்டு வாசலும் எனக்குத் திறந்தது. அவர்தான் ஜோஸி சேட்டன்.

இந்தப் பழைய ஆட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கோவில்பட்டியில் அந்த பிரவுசிங் சென்டர் இப்போது பல் ஆஸ்பத்திரி. நான் பார்த்த தெருக்களில் பாதியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. இந்த ஆட்டத்திலோ வெளிச்சமும் வண்ணமும்தான் புதிது. மூன்றாவது கதவுக்குப் பின்னால் நின்ற பூதம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. யாரிடமும் வழி கேட்காமல் நான் நடமாடக்கூடிய ஒரே ஊர் இதுதான்.

அதன்பின் ஞாயிறுதோறும் பள்ளுருத்திக்காரர் இருவர் வருவார்கள். ஒரே டிவியை நான்காய்ப் பிரித்து, அவர்களுக்கு எதிராக நானும் சேட்டனும். வாரத்தில் ஆறு நாளும் என்னோடு பேசுவது மிளகு மூட்டைதான். அதனால் அந்த ஞாயிறு போய்விடக் கூடாதே என்று எனக்கு உள்ளூர பயம்.

பயந்தது நடந்தது. ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் சேட்டன், "எடத்து! எடத்து!" என்று அலறினார். சாதாரண நேரமென்றால் புரிந்திருக்கும். குண்டு பறக்கும்போது காது தாய்மொழிக்கு ஓடிவிடுகிறது. நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்கிறார் என்று நட்ட மரமாய் நின்றேன். இடப்பக்கமிருந்து ராக்கெட் வந்து என்னையும் முடித்தது, ஆட்டத்தையும் முடித்தது.

"எந்தாடா நீ நின்னது? அடுத்த ஞாயறாழ்ச்ச நீ வரண்டா. கும்பளங்கீந்நு அளியன் வரும்" என்றார் சேட்டன்.

அளியன் என்றால் மைத்துனன்; என் இடத்தில் ஆட அவர் கும்பளங்கியிலிருந்து வருவாராம். மறு ஞாயிறு பழம்பொரிப் பொட்டலத்தோடு போய் நின்றேன்.

"வரண்டா எந்நல்லே ஞான் பறஞ்ஞது?"

"ஆமா சேட்டா. வரணும்டான்னு சொன்னீங்க, வந்துட்டேன்."

உங்களிடம் மறைப்பானேன், வரண்டா என்றால் வர வேண்டாம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பாஷை தெரியாதவனாக இருப்பதில் சில சௌகரியங்கள் உண்டு. சேட்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாள் முழுக்க மீன்பிடி வஞ்சிப் படகில் ஆடாமல் நிற்கும் அளியனோ, அரை மணி ஆட்டத்தில் தலை சுற்றி, சோபாவில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கிடந்தார். என் இடம் எனக்கே திரும்பி வந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது செல்வத்தின் வீட்டிலும் அதே ஆட்டம். பழைய ஜோடி, பழைய வேகம். திடீரென்று அவன் இடப்பக்கம் எதிரி வரவே, "எடத்து! எடத்து!" என்று கத்தினேன். செல்வம் அசையாமல் நின்று செத்தான்.

"ஏம்லே நின்ன?"

"நீதானே எடத்துலயே நிக்கச் சொன்ன?"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிளம்பும்போது வாசல்வரை வந்து, தோளைத் தட்டி, "நாளைக்கும் வரணும்டா" என்றான் செல்வம்.

என் காதில் விழுந்தது 'வரண்டா'. முகம் சுருங்கிப்போய், ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில் என்று அப்படியே நின்றேன்.