மரகதம் சொன்னபடியே

சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தபின் எனக்கு வந்த முதல் மனநலக் கேஸ் மரகதத்தினுடையது. ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்தவர். வயது நாற்பத்திரண்டு. காதில் குரல்கள் கேட்கும் நோய் முற்றி, சேலத்தில் ஒரு மனநல வார்டில் இரண்டு மாதம் இருந்தார். குணமானதும் அண்ணன் அவரைக் காப்பகத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தார். மரகதம் நர்ஸிடம், "எனக்காகப் பேச ஒருத்தரு வேணுங்க" என்று கேட்டிருக்கிறார். வீட்டு ஆளாகவோ ஆஸ்பத்திரி ஆளாகவோ இல்லாத ஒருவர். அப்படித்தான் என்னை அனுப்பினார்கள்.

நான் செய்த முதல் தவறு, வார்டுக்குப் போகுமுன் அண்ணன் வீட்டுக்குப் போனது. அவர் கெட்டவர் இல்லை. நோய் முற்றியிருந்தபோது தங்கை காட்டுக்குள் போய்விட, மழையில் இரண்டு நாள் தேடியவர். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

வார்டில் மரகதத்திடம், காப்பகம் நல்ல இடம்தான் என்று ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்கண்ணன் சொன்னதையேதான் நீங்களும் சொல்றீங்க. அதுக்கு அவரே போதுங்களே மேடம்."

என் முகம் சுண்டிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். பிறகு மூன்று முறை போய், அவர் பேசுவதை மட்டும் எழுதினேன். மாத்திரையால் பேச்சு மெதுவாகத்தான் வந்தது. எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைனில் பழைய ரூமே வேண்டும், பக்கத்து ரூமில் தோழி ரோஸ்லின் இருக்கிறாள், தூக்கம் கெட்டால் முதலில் அவளுக்குத் தெரிந்துவிடும், மாத்திரையை ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்கிறேன் என்றார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் விசாரித்தேன். ரூம் காலியாகத்தான் இருந்தது.

எனக்கு இது சரியாக வருமா என்று சந்தேகம். அதை அவரிடமே சொன்னேன். ஆனாலும் நீங்கள் சொன்னதைத்தான் சொல்வேன் என்றேன்.

மரகதத்தை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய வார்டில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அன்று டாக்டர் என் அபிப்பிராயத்தைக் கேட்டார். "அதச் சொல்ல நான் வரலைங்க டாக்டர். அவங்க சொன்னத எழுதி, அவங்களுக்கே படிச்சுக் காட்டிட்டுக் கொண்டாந்திருக்கேன்" என்றேன்.

பாதி படித்ததும் மரகதம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். மீதியை அவரே சொன்னார். கடைசியில் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"உம்மேல கோவமில்லண்ணா. நீ நொம்பப் பயந்துட்ட. எனக்கும் பயந்தான். ஆனா என் ரூம்ல இருந்துக்கிட்டுப் பயந்துக்கறேன்."

ஞாயிறுதோறும் போன் பண்ணச் சொல்லி அண்ணன் சம்மதித்தார். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அடுத்த மழைக்காலத்தில் மரகதத்துக்குத் தூக்கம் கெட்டது. ரோஸ்லினைக் கூட்டிக்கொண்டு அவரே பஸ் ஏறி வந்து வார்டில் சேர்ந்தார். பத்து நாளில் அதே ரூமுக்குத் திரும்பினார். காப்பகப் பேச்சை அண்ணன் அதன்பின் எடுக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். முதலில் அந்த மனிதரைப் பாருங்கள், மற்றவர்களைப் பிறகு பார்க்கலாம். நமக்குச் சரியென்று படாவிட்டாலும், அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்லுங்கள். இத்தனை கேஸ் பார்த்தும் எனக்கு அது சுலபமாக வருவதில்லை.