சாயத் தூளி

சாயத்தொட்டியின் காட்டமான வாடையோடுதான் என் தங்கை செல்வியின் நினைவு வருகிறது. எண்பதுகளில் சின்னாளபட்டியில், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் வீடு எங்களுடையது. சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்து விலை போகாத சேலையில்தான் எங்கள் தெருக் குழந்தைகளுக்குத் "தூளி" கட்டுவார்கள். அலசினால் விறைப்புப் போய்த் துணி தொய்ந்துவிடும் என்று அலசாமலே கட்டுவது வழக்கம்.

ஒரு வயது நிரம்புமுன் செல்வியின் முதுகிலும் முழங்கால் மடிப்பிலும் செந்தடிப்புகள் கிளம்பி, சொறிந்து சொறிந்து நீர் கசிந்தது. "கரப்பான்" என்றார் அப்பாவின் அக்காவான அத்தை. வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கரப்பான் உணவால் வருவது, தாய்ப்பால் வழியாகவும் இறங்குவது என்பது ஊர் நம்பிக்கை. கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை, முட்டை என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் அம்மாவுக்கும் குழந்தைக்கும் ரசச்சோறு மட்டும் மிஞ்சியது. சொறியாமலிருக்க அவள் கைகளை அதே சாயத்துணியின் கிழிசலால் சுற்றிக் கட்டினார்கள், மணிக்கட்டும் சிவந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "ஏலே, தொட்டா ஒட்டிக்கிரும்" என்று விலகிப் போனார்கள்.

திண்டுக்கல்லில் பார்த்த டாக்டர், "இது தொத்தாதும்மா. புள்ள ஒடம்புல சத்தே இல்ல, முட்டை குடுங்க" என்றார். திரும்பும் பஸ்ஸில் அம்மா தயங்கித் தயங்கி, "ஒண்ணே ஒண்ணு குடுத்துப் பாப்பமா மதினி?" என்று கேட்டார்.

"குடு, குடு. புள்ள சொறிஞ்சு அழுகுறப்ப தூக்கிவச்சுக்க அந்த டாக்டரு வருவாரான்னும் கேட்டுக்க" என்றார் அத்தை. அன்று இரவும் அம்மா ரசச்சோறுதான் பிசைந்தார்.

அந்த ஐப்பசி மழையில் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு வந்தது. மற்றவர்கள் தேறி விளையாட வந்துவிட்டார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்த செல்வி எழவில்லை. "கரப்பான் உள்ள இறங்கிருச்சு" என்று அத்தை முடித்துவிட்டார்.

பல வருடங்கள் கழித்து என் மகளின் முதுகு அதேபோலத் தடித்தபோது, தோல் மருத்துவர் முதலில் கேட்டது, "எந்தத் துணியில படுக்க வைக்கிறீங்க?" என்பதுதான். அலசாத புதுச் சாயத்துணியை எடுத்துவிட்டோம், தடிப்பு அடங்கியது. செல்விக்கும் அதுதானா என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சாயத்தொட்டி இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை இருக்கிறது. தூளி தொங்கிய உத்தரம் இல்லை, அத்தையும் இல்லை. அம்மா மட்டும் இன்னமும் கத்தரிக்காயைத் தொடுவதில்லை. கல்யாண வீட்டு இலையில் விழுந்தால் ஓரமாக ஒதுக்கிவிடுவார். தான் வாயைக் கட்டாத ஏதோ ஒரு நாள்தான் மகளைக் கொண்டுபோனது என்று நம்புகிறார். துணியைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. அந்தத் தூளியைக் கட்டியவரும் அவர்தான்.