நீர்நரி என்றொரு மிருகம் கிடையாது

நீர்நரி என்ற மிருகம் உலகத்தில் இல்லை. நான்தான் கட்டிவிட்டேன். இதை இந்த வாரம் முதல் வரியிலேயே போடுகிறேன்... காரணம் இருக்கிறது.

போன வாரம் எழுத விஷயம் அகப்படவில்லை. பெரிய விலங்கு நூல் பண்டிதர் மாதிரி பேனாவைப் பிடித்தேன். 'பாகூர் ஏரியில் நீர்நாய்க்கும் நரிக்கும் பிறந்த ஜந்து ஒன்று உண்டு. செம்பட்டை ரோமம். கூர்மூக்கு. விரல்களுக்கு நடுவே ஜவ்வு. காலையில் கெளுத்தி மீன், மாலையில் கரும்பு. அது பல் வைத்த தோட்டத்தில் சாறு ஊறாது.' அந்தச் சாறு விவகாரம் எதற்கு? சும்மா, அழகுக்கு! கடைசி வரியில், 'இது என் பேனா பெற்ற பிள்ளை' என்றும் எழுதியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, பாகூரில் கரும்பு போட்டிருக்கும் அஞ்சலை என்பவர் வில்லியனூரில் என் வாசலில் வந்து நின்றார்.

"எழுதறவரு நீங்கதானே? எங்க செவலைய நீர்நரின்னு அடிக்கக் கழி எடுத்துக்கினு திரியுறாங்க. அது நாயிங்க ஐயா! ஏரில நீந்தும், கரும்பு கடிக்கும். அதுக்காவ கொல்லுவாங்களா?"

 அப்படியே அவரோடு வண்டி ஏறினேன்.

அந்தப் பக்கம் பத்திரிகையைக் காதால்தான் படிக்கிறார்கள். மளிகைக்கடை சபாபதி உரக்கப் படிப்பார். வாசலில் பத்துப் பேர் கேட்பார்கள். எண்ணெய் வாங்க ஆள் வந்தால் பேப்பரை மடித்துவிடுவார். போன வாரமும் மடித்தார் — சரியாக என் கடைசி வரிக்கு முன்னால்!

"அது பொய். எழுதினவனே நான்தான்" என்றேன் கடைவாசல் கூட்டத்திடம்.

ஒரு பெரியவர் சிரித்தார். "ஏங்க, அச்சுல வந்ததே பொய்யின்னா, நீங்க வாயால சொல்றது மட்டும் இன்னா நெஜம்?"

அந்தக் கடைசி வரியைக் காட்டலாமென்றால், போன வாரப் பேப்பரைச் சபாபதி எப்போதோ பொட்டலம் மடித்துவிட்டார். 

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய சொல்தா ஒருவர் பக்கத்திலேயே துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

"அடுத்த பேப்பரு வர்ற வரிக்கும் பொறுக்குறோம். அச்சுல போடுங்க. இல்லேன்னா சுட்டுடுவேன்."

செவலை இப்போது அஞ்சலை வீட்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அச்சுக்கூடத்துக்கும் வீட்டுக்குமாக நடக்கிறேன். தபால் பிந்தினால்? சபாபதி கடை திறக்காவிட்டால்? அந்த மிருகத்தைப் பெற்றெடுக்க அரைமணி நேரம் ஆனது. கொல்ல ஒரு வாரம் ஆகிறது!

சபாபதி, இதுவரை படித்தது போதும் — யாரையாவது ஓடச் சொல்லி அந்த நாயை அவிழ்த்துவிடுங்கள்.