சோலார் பலகைக்கு ஆயுத பூஜை

எனக்குக் கணக்கு வரும், கோபமும் வரும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் கணியம்பாடிக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் அறையை நடத்தினேன். கம்ப்யூட்டர் எனக்கே புதுசு. கோடை விடுமுறையில் வேலூரில் ஒரு சென்டரில் சேர்ந்து, கல்லூரிப் பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில ஆண்டுகள். எங்கள் ஊரில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் ஐந்து கம்ப்யூட்டர்களோடு சோலார் பலகைகளையும் பேட்டரிகளையும் கொடுத்தது. பலகைகள் மொட்டை மாடியில், பேட்டரிகள் மாடிப்படிக்கு அடியில். வெயில் எங்களுக்குக் கம்மியா என்ன? வேலூர் வெயிலைப் பழிக்காத ஆளே கிடையாது. முதல் தடவையாக அது உருப்படியான வேலை ஒன்றைச் செய்தது.

ஆனால் கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். பூஜை விடுமுறை முடிந்ததும் வந்து பார்ப்பார்கள். வகுப்பு ஒழுங்காக நடந்தால் எல்லாம் எங்களுக்கு. இல்லையென்றால் மொத்தத்தையும் கழற்றி ஆம்பூர் பக்கம் ஒரு டவுன் பள்ளிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். டவுனில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. எங்கள் பெண்களுக்கு இதை விட்டால் வேறு கிடையாது. பத்தாவது முடித்த பெண்கள் பலரை ஷூ கம்பெனி வேன் விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போகும். அந்த வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை, எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்ததே அதில்தான். ஆனால் அதே கம்பெனியின் ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் ஏன் எங்கள் பெண் ஒருத்தி உட்காரக் கூடாது? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

விடுமுறைக்கு முந்தின நாள், பெண்கள் சாயங்காலம் வரை பயிற்சி செய்து பேட்டரியைச் சுத்தமாகக் காலி செய்தார்கள். நான் தடுக்கவில்லை. பூஜைக்கு இரண்டு நாள் லீவு, அதற்குள் நிரம்பிவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். ஆனால் பள்ளி திறந்த அன்று காலை ஸ்விட்சைப் போட்டால் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது, கம்ப்யூட்டர்கள் அணைந்துபோயின. மறுநாள் சென்னைக்காரர்கள் வருகிறார்கள்.

மாடிக்கு ஓடினேன். ஒவ்வொரு பலகையிலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மூன்று பட்டை விபூதி. நடுவில் தோசை அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, அதன் நிழல் நேராகப் பலகை மேல். வெயிலில் காய்ந்து எல்லாம் ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பலகைக்குள் இருக்கும் கட்டங்கள் சங்கிலி போல ஒன்றோடொன்று இணைந்தவை. ஒரு கட்டத்தை மறைத்தால் வரிசையே சோர்ந்துவிடும்.

செய்தவர் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். கரும்பு போடுகிற விவசாயி. டிராக்டருக்கும் பம்ப்செட்டுக்கும் பொட்டு வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பலகைக்கு மட்டும் வைக்காமல் விட்டால் நன்றாகவா இருக்கும் என்று ஆசையாகச் செய்த வேலை.

வாளியும் துணியுமாக நான் திரும்ப மாடி ஏறும்போது தலைமை ஆசிரியர் குறுக்கே வந்தார்.

"நீங்க தொடாதீங்க டீச்சர். நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. பூஜைப் பொட்ட நீங்க அழிச்சீங்கன்னா பெரிய பேஜார் ஆய்டும்."

"அப்ப நீங்க அழிங்க சார்."

"நானா? ஐயோ, அந்த ஆள்கிட்ட யாரு பேசறது?"

எனக்கு வந்த கோபத்தில் வாளியையே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, நேராகக் கரும்புத் தோட்டத்துக்கு நடந்தேன்.

தலைவர் மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், இவ்ளோ தூரம்?"

"தலைவரே, உங்க பொண்ணுக்குப் பொட்டு எங்க வெப்பீங்க?"

"இதென்னா கேள்வி? நெத்தியிலதான்."

"கண்ணு மேல அப்புவீங்களா?"

"இன்னா டீச்சர் பேசறீங்க!" அவர் முகம் சிவந்தது.

"அந்தப் பலகைக்கு உடம்பு பூரா கண்ணுதான். வெயில அது பாத்தாதான் கம்ப்யூட்டர் ஓடும். நீங்க கண்ண மறைச்சிட்டீங்க. நாளைக்கு ஓடலன்னா தூக்கிக்கினு போய்டுவாங்க. உங்க பொண்ணும் சேர்ந்துதான் வெளியில நிப்பா."

அவர் மண்வெட்டியைச் சேற்றில் ஓங்கி ஊன்றினார். சண்டை வரப்போகிறது என்று நானும் தயாரானேன்.

"அப்ப அதுக்கு நெத்தி எங்க கீது?" என்று கேட்டார்.

"சுத்தி ஒரு அலுமினிய சட்டம் இருக்குது பாருங்க, அதான்."

மனிதர் அப்படியே சேற்றுக்காலோடு வந்தார். சாமியைக் கும்பிட்டுவிட்டு வாழைக்கன்றை அவிழ்த்தார். தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தன் தோள் துண்டாலேயே ஒவ்வொரு பலகையாகத் துடைத்தார். பிறகு சட்டத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார். அன்று முழுக்க மேகம் வந்து வந்து போனது. ஒவ்வொரு மேகத்தையும் நான் மனதுக்குள் திட்டினேன். மத்தியானத்துக்கு மேல் சுள்ளென்று அடித்தது பாருங்கள், அந்த வெயிலைப் போல ஒன்றை நான் அதற்கு முன் விரும்பியதில்லை.

மறுநாள் சென்னையிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வந்தார். பெண்கள் வகுப்பு மார்க்கையெல்லாம் அட்டவணையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மெயின ஆஃப் பண்ணுங்க, பார்ப்போம்" என்றார்.

"அத கரண்ட் ஆபீஸே பண்ணிட்டாங்க சார். காலையிலேர்ந்து கரண்ட் இல்ல."

அவர் ஃபேனைப் பார்த்தார். அது நின்றிருந்தது. கம்ப்யூட்டர் திரைகள் ஐந்தும் ஒளிர்ந்தன.

"எல்லாம் சரிம்மா. டவுன்ல இருந்தா ரிப்பேருக்கு ஆள் கிடைக்கும். இங்க யாரு இருக்கா?"

"ஆம்பூருக்கு போன் பண்ணா ஆள் வருவாங்க சார். டவுனுக்குக் கொண்டுபோய்ட்டா இந்தப் பொண்ணுங்க எங்க போவாங்க?"

அவர் தலைவரின் மகளுக்குப் பின்னால் போய் நின்று, அவள் மதிப்பெண்களைக் கூட்டி சராசரி எடுப்பதைக் கடைசிவரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இங்கயே இருக்கட்டும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கணக்கு டீச்சர் அழுவதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருடைய கார் போனது. கடைசி மணியும் அடித்தது. மற்ற வகுப்புகள் ஓவென்று கத்திக்கொண்டு வெளியே ஓடின. இங்கே ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

"பெல் அடிச்சாச்சு, கிளம்புங்கடி" என்றேன்.

தலைவரின் மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பேட்டரி இன்னும் இருக்குது டீச்சர்."